மைதானத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்தால் பெங்களூருவில் பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன. மே மாதக் கடைசி வரை கோடை விடுமுறை. பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றால், தருமபுரியிலும் வேலூரிலும் திருநெல்வேலியிலும் அப்பொழுது பள்ளி நடந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஏப்ரல் முடிவில்தான் விடுமுறை தொடங்குகிறது. ஆகவே குறைந்தது இரண்டு வாரங்களாவது பிள்ளை இந்த நகரத்து ஒற்றை அறை வீட்டிலேயே இருந்தாக வேண்டும். தகப்பன் கட்டட வேலைக்கோ காவல் பணிக்கோ போய்விடுகிறார். தாய் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுகிறார். மூத்த பிள்ளையின் கையில் சாவியும் கைபேசியும் கொடுக்கப்படுகின்றன. "கதவைத் திறக்காதே, தங்கையைப் பார்த்துக்கொள்" என்பதே அந்தப் பிள்ளையின் கோடை விடுமுறை.

"தெருமுனையில் மைதானம் இருக்கிறதே, போய் விளையாடக் கூடாதா?" என்று கேட்கலாம். பிரியமான பெற்றோரே, ஒரு நாள் மாலை நீங்களே போய்ப் பாருங்கள். நடுவில் பெரிய பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். சிறுவர்கள் எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்கிக் கொடுப்பார்கள். பெண்பிள்ளைகள் சுவரோரமாய் நடந்து போய்விடுவார்கள். கன்னடம் தெரியாமல் போன மாதம் ஊரிலிருந்து வந்த பிள்ளையை எந்த அணியிலும் சேர்க்க மாட்டார்கள். மைதானத்தின் கேட் திறந்திருந்தாலும் அவர்களுக்கு அங்கே இடம் இல்லை. ஆள் இல்லாத மைதானத்தில் வலியவனுக்கே இடம் உண்டு.

அந்த ஆள் யார், அவருடைய வேலை என்ன, அதை நம் வீட்டு வாலிபப் பிள்ளைகள் பகுதிநேரப் பணியாக ஏற்கலாமா என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

ஆலய முற்றத்தில் ஒரு மணல் குவியல்

மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் நகராட்சியே இதற்குச் சம்பளம் கொடுத்து ஆட்களை அமர்த்துகிறது. மாலையிலும் விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு விளையாட்டு, கைவேலை, நீச்சல், முதியோருக்குப் பொழுதுபோக்கு ஆகியவற்றை நடத்துவது இவர்களின் பொறுப்பு. இவ்வேலை தொடங்கிய இடங்களில் ஒன்று ஓர் ஆலய முற்றம் என்பது நம்மில் அநேகர் அறியாத செய்தி.

1885-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நார்த் எண்ட் என்னும் பகுதி, வேற்று நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். பிள்ளைகளுக்குத் தெருவைத் தவிர வேறு இடம் இல்லை. மேரி சாக்ரெவ்ஸ்கா என்னும் பெண் மருத்துவர் பெர்லின் நகருக்குப் போயிருந்தபோது, அங்கே பூங்காக்களில் பிள்ளைகள் விளையாடுவதற்கென்று மணல் குவித்து வைத்திருந்ததைக் கண்டார். அதை அவர் எடுத்துச் சொல்ல, பாஸ்டனில் பார்மென்டர் தெருவிலிருந்த ஒரு சிற்றாலயத்தின் முற்றத்தில் ஒரு வண்டி மணல் கொட்டப்பட்டது. பிள்ளைகள் வாளியும் மரக்கரண்டியும் கொண்டு வந்து விளையாடினார்கள். முதலில் மனமுவந்து வந்த பெண்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தப் பொறுப்பைச் சம்பளம் பெறும் பெண்களிடம் ஒப்புவித்தார்கள். மணல் மட்டும் போதாது, பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். 1906-இல் அமெரிக்க விளையாட்டு மைதானச் சங்கம் தோன்றியபோது, மைதானம் அமைப்பதோடு அதை நடத்த ஆள் பயிற்றுவிப்பதும் அதன் நோக்கமாயிற்று.

பலவீனருக்காக மாற்றப்பட்ட விதிகள்

அச்சங்கத்தின் முதல் தலைவர் லூதர் குலிக். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பொறுப்பாளராய் இருந்தார். அவருக்குக் கீழே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியர் வேலை செய்தார். நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். அவர் இறையியல் கல்லூரியில் படிக்கும்போது கால்பந்து ஆடுகிறார் என்பதற்காக உடன் மாணவர்கள் சிலர் கூடி அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபித்தார்களாம். விளையாட்டைக் குறித்த சந்தேகம் நம் சபைகளுக்கு மட்டும் உரியதல்ல!

1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வெளியே போக முடியாமல் முரண்டு பிடித்த 18 வாலிபர்களுக்காக 14 நாட்களுக்குள் ஒரு புது உள்ளரங்க விளையாட்டைக் கண்டுபிடிக்கும்படி குலிக் அவரிடம் சொன்னார். நெய்ஸ்மித் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் இடித்துத் தள்ளுவதால்தான் அடிபடுகிறது என்று கண்டார். ஆகவே பந்தோடு ஓடக் கூடாது என்று ஒரு விதி வைத்தார். பலமாக எறிகிறவன் ஜெயிக்காதபடிக்கு இலக்கைத் தலைக்கு மேலே, 10 அடி உயரத்தில் வைத்தார். மாடத்தின் கைப்பிடியில் இரண்டு பீச் பழக்கூடைகள் அடிக்கப்பட்டன. 13 விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அதுவே கூடைப்பந்து. 1895-இல் ஹோலியோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.யில் வில்லியம் மார்கன் என்பவர், கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கிய நடுத்தர வயது வியாபாரிகளுக்காக, நடுவே வலை கட்டி ஒருவரையொருவர் தொடாமல் ஆடும் கைப்பந்தை உண்டாக்கினார்.

இந்த இருவரும் செய்தது என்ன? தங்கள் முன்னால் நின்றவர்களைப் பார்த்தார்கள். யாருக்கு அடிபடுகிறது, யார் மூச்சிரைத்து ஒதுங்குகிறார் என்று கவனித்தார்கள். அவர்களுக்காக விதியை மாற்றினார்கள். விளையாட்டு நடத்துகிறவரின் தொழில் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

தமிழ் மண்ணுக்கும் இந்த மரபு வந்தது. ஒய்.எம்.சி.ஏ. பணியாளராகச் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக், 1920-இல் அங்கே ஓர் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் பெரிய மரங்களுக்கிடையே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்களை அனுப்பிவரும் இடம் அது.

பெங்களூருவில் இப்பணி எங்கே?

இங்கே இப்பணிக்கு ஒரே பெயரும் இல்லை, ஒரே அலுவலகமும் இல்லை. பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

1870-இல் உருவான கப்பன் பூங்காவுக்குள் ஜவாஹர் பால பவன் இருக்கிறது. அங்கே ஓடும் சிறுவர் ரயிலைப் பல தலைமுறைப் பிள்ளைகள் அறிவார்கள். பிள்ளைகள் ஓவியம், களிமண் வேலை, நடனம், விளையாட்டு முதலானவற்றைக் கற்கும் இடமாகப் பால பவன்கள் இந்தியாவில் தோன்றின. தில்லியில் முதலாவது 1956-இல் நேருவின் முயற்சியால் தொடங்கியது. கோடைக்கால முகாம்கள் நடக்கும்போது ஒவ்வொரு கலைக்கும் ஆள் தேவைப்படுகிறது. மாநில இளைஞர் நலன் மற்றும் விளையாட்டுத் துறையும், பள்ளிகளும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும், தனியார் விளையாட்டுப் பயிற்சி மையங்களும் ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் நடத்துகின்றன. மார்ச் மாதத்திலேயே கேட்டு வைப்பவருக்கு இடம் கிடைக்கும்.

தெருவையே மைதானமாக்கிய முயற்சியும் இந்நகரில் உண்டு. 2013-இல் மாநில நகர்ப்புறப் போக்குவரத்து இயக்குநரகத்தின் முயற்சியால் "சைக்கிள் தினம்" தொடங்கியது. ஞாயிறு காலையில் ஒரு சாலையை வாகனங்களுக்கு மூடி, பிள்ளைகளும் பெரியவர்களும் சைக்கிள் ஓட்டவும் விளையாடவும் விட்டார்கள். பின்பு பல பகுதிகளுக்கு இது பரவிற்று. அங்கேயும் காலை முழுவதும் நின்று பிள்ளைகளை விளையாட வைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தையும் அறிந்துகொள்வது நல்லது. 2009-ஆம் ஆண்டின் அச்சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்றும் அதன் அட்டவணையில் உள்ளது. ஆகவே பகுதிநேர விளையாட்டுப் பணி என்பது சட்டமே அறிந்த பணியாகும்.

இரண்டு மணி நேரத்தில் நடப்பது

மாலை நான்கரை முதல் ஆறரை வரை நாற்பது பிள்ளைகளை ஒருவர் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அவர் நான்கு மணிக்கே வந்துவிட வேண்டும். முதலில் மைதானத்தைச் சுற்றி நடந்து கண்ணாடித் துண்டு, ஆணி, திறந்த குழி, அறுந்த மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேடு, விசில், கயிறு, சுண்ணாம்புத் தூள், பந்துகள், முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பிள்ளைகள் வரவர ஒவ்வொருவரின் பெயரையும், அழைத்துச் செல்லப்போகிறவரின் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அணி பிரிப்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். இரண்டு தலைவர்களை நிறுத்தி "நீங்களே ஆள் பொறுக்குங்கள்" என்றால், கடைசியாக நிற்கும் பிள்ளை எல்லார் முன்னிலையிலும் வெட்கப்படுகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிப் பிரித்தால் அந்த வேதனை இல்லை. அடுத்து, ஆட்டமிழந்தவர் வெளியே உட்கார வேண்டிய விளையாட்டுகளைக் குறைக்க வேண்டும். அதில் ஓடத் தெரியாத பிள்ளைதான் முதலில் வெளியேறும். அதிகம் ஓட வேண்டிய அந்தப் பிள்ளையே அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். ஆட்டமிழந்தவர் எதிரணியில் சேரும்படி விதியை மாற்றினால் எல்லாரும் கடைசி வரை ஆடுவார்கள். விதிகளை இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு விளையாட்டைப் பிள்ளைகள் சலிக்கும்வரை இழுக்காமல், இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அப்பொழுதுதான் அவர்கள் நாளைக்கும் வருவார்கள்.

பெண்பிள்ளைகளுக்கென்று மைதானத்தின் நடுப்பகுதியில் நேரம் ஒதுக்குவது நடத்துகிறவரின் கடமை. "விருப்பம் இருந்தால் வரட்டும்" என்று விட்டுவிட்டால் அவர்கள் வரவே மாட்டார்கள்.

பெயர் வேறு, விளையாட்டு ஒன்று

மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டியதில்லை. ஊரில் நாம் ஆடிய ஏழு கல்லை இங்கே லகோரி என்கிறார்கள். கிட்டிப்புள் இங்கே சின்னி தாண்டு. சில்லுக்கோடு, பாண்டி என்று நாம் நொண்டியடித்து ஆடுவது இங்கே குண்டெபில்லே. பல்லாங்குழி இங்கே அளகுளிமணெ. கண்ணாமூச்சிக்குக் கன்னடத்தில் கண்ணாமுச்சாலே என்றே பெயர். கோலி இரு மொழியிலும் கோலிதான். கபடியும் கோகோவும் எல்லாருக்கும் பொது.

ஆயினும் கன்னடம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். "ஒந்து, எரடு, மூரு" என்று எண்ணவும், "பன்னி", "நில்லி" என்று அழைக்கவும் நிறுத்தவும் தெரிந்தால் போதும். மீதியைப் பிள்ளைகளே கற்றுத் தருவார்கள். தமிழும் கன்னடமும் தெரிந்த ஒருவர், அதோடு கொஞ்சம் இந்தியும் தெரிந்தவராயின், இந்நகரத்து மைதானத்தில் மிகுந்த பயனுள்ளவர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இம்மொழிகள் இயல்பாகவே வருகின்றன. வீட்டில் இதை ஒரு தகுதியாக நாம் எண்ணுவதில்லை. இது ஒரு தகுதியே.

முதியோருக்கும் இடம் வேண்டும்

மகனோடு இருக்கலாம் என்று கிராமத்திலிருந்து வந்த தாயார், இங்கே மூன்றாவது மாடியில் பேச ஆளின்றி நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் வாரத்தில் இரண்டு மாலைகள் தாயமோ பல்லாங்குழியோ, கைகால் வீசி நடக்கும் எளிய பயிற்சியோ நடத்த ஒருவர் வேண்டும். எருசலேம் மீண்டும் செழிக்கும் நாளைச் சகரியா தீர்க்கதரிசி விவரிக்கையில், கோல் ஊன்றிய முதியவர்கள் வீதிகளில் அமர்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் அதே வீதிகளில் விளையாடுவதையும் அடையாளமாகக் காட்டினார். ஒரு நகரம் நலமாயிருக்கிறது என்பதற்கு அவர் கண்ட அடையாளம் அது. முதியோரும் பிள்ளைகளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அச்சமின்றி இருப்பதை நம் தெருக்களில் எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்?

பிள்ளைகளின் பாதுகாப்பு

இப்பணிக்கு வரும் வாலிபருக்கு முதலாவது கற்பிக்க வேண்டியது இதுவே. பிறர் கண்ணுக்கு மறைவான இடத்தில் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவராவது பெண், எப்பொழுதும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் அனுமதியின்றி எடுக்கவோ அனுப்பவோ கூடாது. பதிவேட்டில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருக்கிறது என்று அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மறைத்தால் அதுவும் குற்றம். "நிகழ்ச்சிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்", "சபைக்கு அவமானம்" என்று எண்ணி மூடிமறைக்கச் சட்டத்திலும் மனச்சாட்சியிலும் இடம் இல்லை. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 என்பதை மைதானத்துச் சுவரில் எழுதி வைக்கலாம். ரெட் கிராஸ் அல்லது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பில் முதலுதவிப் பயிற்சி பெறுவதும் அவசியம்.

சம்பளத்தைப் பற்றி ஒளிவின்றி

இது குடும்பத்தை நடத்தும் சம்பளம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம் முதலானவற்றுக்காக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் கோரிக்கை வைத்தும் போராடியும் வந்தார்கள். அந்த ஊதியம் 2021-இல் 10,000 ரூபாயாகவும், 2024-இல் 12,500 ரூபாயாகவும் ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளை இதற்குள் கழித்த ஒருவரின் வீட்டுக் கணக்கை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கல்லூரியில் படிக்கிற வாலிபருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் சில மணி நேரம் கிடைக்கும் தாய்மாருக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் இது பொருந்தும். சேரும்முன் எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊதியம், எந்த நாளில் கிடைக்கும், அடிபட்டால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "சேவைதானே" என்று சொல்லி ஊதியத்தை இழுத்தடிப்பவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள். இதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவர் உடற்கல்வியில் பட்டம் பெறலாம். பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் படிப்புகளைப் பற்றி விசாரிக்கலாம்.

நம் வளாகத்தின் கேட்

மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் சபைகளில், ஐம்பது பிள்ளைகளை ஒரு பாட்டினால் அமைதியாக்கும் சகோதரிகளையும், வெயிலில் நின்று போட்டி நடத்தும் தம்பிமாரையும் பார்க்கிறோம். இத்தொழிலின் பாதியை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். அவர்கள் நகரத்தின் பொது நிகழ்ச்சியில் வேலைக்குச் சேரும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். விளையாட்டுக்கென்று நம்பி அனுப்பிய பெற்றோருக்கு விளையாட்டையே கொடுப்பது நேர்மை. பொறுமையும் நீதியும் பார்க்கிறவர்களுக்குத் தானே விளங்கும்.

மாநகராட்சி மைதானத்தைக் கேட்பதானால், 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது என்பதை நினைவில் கொண்டு, உங்கள் பகுதி எதில் வருகிறது என்று அறிந்து அந்த அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் வேறு காரியங்களுக்கு மாற்றாமல் காக்க 1985-ஆம் ஆண்டிலேயே கர்நாடகத்தில் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது.

மைதானம் கிடைக்காத இடத்தில் சபை வளாகம் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பல சபைகளின் கேட் பகலில் பூட்டியே கிடக்கிறது. பாஸ்டனில் அந்தச் சிற்றாலயத்தார் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை: முற்றத்தைத் திறந்தார்கள், ஒரு வண்டி மணல் கொட்டினார்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்தார்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த ஏப்ரலில் நம் சபைக் குடும்பங்களிலும் நம் தெருவிலும் எத்தனை பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குள் இருப்பார்கள்? வாரத்தில் எந்த மூன்று மாலைகளில் நம் கேட்டைத் திறக்கலாம்? ஆறரை மணிக்கு மற்ற எல்லாரும் போன பின்பு, கார்மெண்ட்ஸ் பேருந்து தாமதமாகி இன்னும் வந்து சேராத தாய்க்காக, கடைசிப் பிள்ளையோடு அந்த வாசலில் நிற்க யார் ஆயத்தமாயிருக்கிறார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு கை உயர்ந்தால் போதும். மற்றவற்றை ஏற்பாடு செய்துகொள்ளலாம்.